லாக்கா கட்டை: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கடை மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில் இருக்கிறது. சாம்பிராணி, கற்பூரம், சந்தனம், ஊதுபத்தி என்று பூஜைச் சாமான் வியாபாரம். சில வருடங்களாகவே லாக்கா என்ற ஒரு சிவப்புக் கட்டையைப் பற்றி விசாரிப்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். ஒருவர் கையில் துண்டோடு வருவார், இன்னொருவர் வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் காட்டுவார். தோட்டத்து ஓரத்தில் கொடி கிடக்கிறது, வெட்டி லோரியில் ஏற்றலாமா என்று கேட்டு வந்தவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் வாயால் சொன்னதை இங்கே எழுத்தில் வைத்திருக்கிறேன். முழுதும் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பச்சைக் கொடியை வெட்டாதீர்கள். நீங்கள் தேடும் வாசனை அதற்குள் இருக்காது.

லாக்கா கட்டை என்றால் என்ன? மரமா, கொடியா?

கொடிதான். ஆனால் வெற்றிலைக் கொடி, பாகற்கொடி மாதிரி மெல்லியது அல்ல. அடித்தண்டு நாளாக நாளாகக் கட்டையாகி, முறுக்கிக்கொண்டு, பக்கத்து மரங்களைப் பிடித்து மேலே ஏறும் பெருங்கொடி. மலாய்க்காரர்கள் காயு லாக்கா என்றும் அக்கார் லாக்கா என்றும் சொல்வார்கள். தாவரவியலில் அதன் பெயர் டால்பெர்ஜியா பார்விஃப்ளோரா. பெயர் வைத்தவர் வில்லியம் ராக்ஸ்பரோ. மதராஸ் மாகாணத்தில் மருத்துவராக இருந்து, 1793 முதல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தைக் கவனித்தவர்.

மலேசியா, தாய்லாந்து, சுமத்ரா, போர்னியோ, பிலிப்பைன்ஸ் என்று இந்த வட்டாரத்துக் காடுகளில் வளர்கிறது. உயரமான மலைக்காட்டைவிடத் தாழ்வான காடும் ஆற்றோரமும்தான் அதற்கு ஒத்துவரும் இடம்.

தண்டின் வெளிப்பக்கம் வெளிறிய கட்டை. நடுவில் கருஞ்சிவப்பான வைரம், அதாவது முற்றி இறுகிய உள்கட்டை. ஊதுபத்திக்கும் தூபத்துக்கும் உதவுவது அந்த வைரம் மட்டும்தான். ஒரு காலத்தில் அதிலிருந்து சிவப்புச் சாயமும் எடுத்தார்கள்.

ஈட்டி மரத்துக்குச் சொந்தம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. தமிழ்நாட்டில் ஈட்டி, தோதகத்தி என்று சொல்லும் மரமும் இதுவும் ஒரே பேரினம். இரண்டுமே அவரைக் குடும்பம். ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம்: மரங்களுக்கு நடுவே மண்ணை மூடப் போடுவார்களே, பியூராரியா, முக்குனா, அந்தக் கொடிகளும் இதே குடும்பம்தான். தட்டையான காயைப் பார்த்தாலே உறவு தெரிந்துவிடும்.

சந்தனம், அகில், சாம்பிராணி, இது. எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. நான்கும் நான்கு வழியில் வாசனை தருபவை. இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாம்பிராணி கட்டையே அல்ல, பிசின். பட்டையைக் கீறினால் வடியும் பால் இறுகிக் கட்டியாகும். சுமத்ரா அதற்குப் பேர்போன இடம். இங்கே மலாய்க்காரர்கள் கெமெஞான் என்பார்கள்.

சந்தனம் மரம். அதன் வைரத்தில் எண்ணெய் ஊறியிருக்கும். வேரை அடுத்த செடியின் வேரோடு ஒட்டவைத்து ஊட்டம் உறிஞ்சும் பழக்கம் அதற்கு உண்டு. அதனால்தான் தனியாக நட்ட சந்தனம் தேறுவதில்லை.

அகிலைத்தான் இங்கே காஹாரு என்கிறோம். காராஸ் மரத்தில் அடிபட்டு, பூஞ்சை புகுந்து, மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசின் கட்டையில் ஊறி அகிலாகிறது. அடிபடாத காராஸ் மரத்தை வெட்டினால் வெறும் வெள்ளைக் கட்டைதான் கிடைக்கும்.

லாக்காவுக்குக் காயமும் வேண்டாம், பூஞ்சையும் வேண்டாம். வயதாக ஆகத் தண்டின் நடுவில் வைரம் தானாகக் கட்டும். காலம் ஒன்றுதான் அதைச் செய்யும். மருந்து ஊசி போட்டுச் சீக்கிரம் வைரம் கட்டவைக்கலாம் என்று யாராவது வந்தால், அவர் காஹாருக் கதையை இங்கே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்து ஆற்றோரத்தில் ஒரு கொடி இருக்கிறது. லாக்காவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இலையைப் பாருங்கள். ஒரு காம்பில் பல சிற்றிலைகள் மாற்றி மாற்றி இருக்கும், நுனியில் ஒற்றையாக ஒன்று முடியும். பூ வெள்ளை, மிகச் சிறியது, கொத்தாக வரும். காய் தட்டையாக, மெல்லியதாக, காய்ந்தால் காகிதம் போல இருக்கும். ஏறுவதற்குப் பற்றுக்கம்பி கிடையாது. சின்னக் கிளைகளே கொக்கியாக வளைந்து பக்கத்து மரத்தைச் சுற்றிப் பிடிக்கும்.

இத்தனையும் பொருந்தினாலும், இதே பேரினத்தில் வேறு கொடிகளும் நம் காட்டில் உண்டு. பூவும் காயும் இருக்கும் நேரத்தில் தெளிவாகப் படம் எடுத்துக்கொண்டு, தாவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுவதே சரி. பாராங் கத்தியால் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்துவிடலாம் என்று இறங்காதீர்கள். இளந்தண்டில் வைரமே இருக்காது, அதனால் வெட்டியும் ஒன்றும் தெரியவராது. கொடி சேதமாவதுதான் மிச்சம்.

பச்சையாக வெட்டி நிழலில் காயவைத்தால் வாசனை வந்துவிடாதா?

வராது. இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் பலர். அவர்கள் கொண்டுவரும் கட்டையும் ஒரே மாதிரிதான்: கட்டைவிரல் பருமன், நல்ல வெள்ளை, நடுவில் பென்சில் கோடு அளவுக்கு ஒரு பழுப்பு. தணலில் போட்டால் அடுப்பு விறகு வாசனை. வெளிக்கட்டை எவ்வளவு காய்ந்தாலும் வைரமாக மாறாது. மாறுவதெல்லாம் உயிரோடு இருக்கும் கொடிக்குள், வருடக்கணக்கில்.

நல்ல லாக்கா எப்படிக் கிடைக்கும் என்றால், முதிர்ந்த கொடி தானாகச் செத்து விழுந்து, வெளிக்கட்டையைப் பூச்சியும் மழையும் தின்று தீர்த்த பிறகு, நடுவில் சிவப்பு வைரம் மட்டும் கோணல்மாணலாக மிஞ்சும். இல்லையென்றால் முதிர்ந்த தண்டை எடுத்து வெள்ளைப் பகுதியை ஆளே செதுக்கித் தள்ள வேண்டும். கடையில் பார்க்கும் துண்டுகளில் கத்தித் தடம் இருப்பது அதனால்தான்.

லாசா பக்கத்திலிருந்து டவுனுக்கு வரும் தெமியார் பழங்குடிப் பெரியவர்களிடம் காட்டுப் பொருள் பற்றிப் பேசிப் பாருங்கள். எது எடுக்கும் பருவம், எது விடும் பருவம் என்று அவர்களுக்கு அத்துப்படி. பச்சையை வெட்டிக் குவிப்பது காட்டில் வாழ்கிறவர்களின் வழக்கம் அல்ல. யாரோ டவுனில் உட்கார்ந்துகொண்டு கிலோவுக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று ஆசை காட்டும்போதுதான் அது நடக்கிறது. எனக்கு இதில் ஆத்திரம் உண்டு. பத்துப் பதினைந்து கொடியை வெட்டிப் போட்டுவிட்டு, விலை போகாமல் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் குவித்து வைத்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

இதை யார் வாங்குகிறார்கள்? சீனர்கள்தானா?

பெரும்பாலும் அவர்கள்தான், அதுவும் இன்று நேற்று ஆரம்பித்த வியாபாரம் அல்ல. இந்த ஒரு பதிலை மட்டும் நீட்டி எழுதப் போகிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

சீனாவின் தென்கிழக்குக் கரையில் சுவான்சௌ என்று ஒரு துறைமுகம். சோங் அரசு காலத்தில் அந்தப் பகுதியின் கடல் வாணிகத்தை மேற்பார்வை செய்த ஜாவ் ரூகுவா என்ற அதிகாரி, வெளிநாட்டுச் சரக்குகளைப் பற்றி 1225-இல் எழுதி வைத்தார். அதில் லாக்கா கட்டைக்குத் தனி இடம் உண்டு. ஸ்ரீவிஜய வட்டாரம் (சுமத்ரா பக்கம்), ஜாவா, பகாங் ஆகிய இடங்களிலிருந்து வருகிறது என்கிறார். ஸ்ரீவிஜயச் சரக்கே உயர்ந்தது, வாசனை தெளிவாகத் தூரம் வரை போகும் என்கிறார். வருடக் கடைசி இரவில் சுவான்சௌ மக்கள், ஏழை பணக்காரர் பாகுபாடு இல்லாமல், வீட்டுக்கு வீடு இதை எரிப்பார்களாம். விலை மலிவு என்றும் சொல்கிறார். யோசித்துப் பாருங்கள்: நம் காட்டுக் கட்டை கப்பலேறிப் போய், எண்ணூறு வருடங்களுக்கு முன் ஒரு சீன ஊரின் ஏழை வீட்டிலும் புத்தாண்டுக்கு முதல்நாள் புகைந்திருக்கிறது.

எழுத்தில் மட்டும் இருக்கும் செய்தி அல்ல இது. 1974-இல் சுவான்சௌ விரிகுடாவில் சேற்றுக்குள் புதைந்து கிடந்த ஒரு கப்பலைத் தோண்டி எடுத்தார்கள். 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூழ்கியது. அதன் சரக்கறைகளில் இரண்டு டன்னுக்கும் அதிகமான வாசனைக் கட்டைகள் இருந்தன. அவற்றில் பெரும்பங்கு லாக்கா. கூடவே மிளகும் இருந்தது.

தமிழர்களுக்கு இதில் என்ன என்று கேட்டால், அதே சுவான்சௌவில் அதே காலத்தில் நம் ஆட்களும் இருந்தார்கள். அங்கே கிடைத்த ஒரு கல்வெட்டு தமிழில் இருக்கிறது. கி.பி. 1281-ஆம் ஆண்டுக்கு உரியது, சிவன் கோயில் சம்பந்தப்பட்டது. அதன் கீழே சீன எழுத்தும் உண்டு. மலாயாவுக்குத் தமிழன் வந்தது ரப்பர் வெட்டத்தான் என்று நினைத்து வளரும் பிள்ளைக்கு, இந்தக் கடலில் நமக்கு அதைவிடப் பழைய நடமாட்டம் உண்டு என்று சொல்ல இந்தக் கல் ஒன்று போதும்.

சீனர்களின் தாவோ மதச் சடங்குகளில் லாக்காவுக்கு இன்றும் மதிப்பு அதிகம். பழைய சீன மருத்துவ நூலில் ஒரு குறிப்பு உண்டு: மற்ற வாசனைப் பொருள்களோடு கலந்து எரித்தால் புகை நேராக மேலே எழும், அதைக் கண்டு கொக்கினப் பறவைகள் வானிலிருந்து இறங்கி வரும் என்று. இப்போது மணிமாலை, கைவளை செய்யவும் கேட்கிறார்கள். விலை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டில் எப்படிப் புகைப்பது?

தணல் நன்றாகச் சாம்பல் பூத்த பிறகு போடுங்கள். கொழுந்துவிட்டு எரியும் கரியில் போட்டால் கட்டை பற்றிக்கொள்ளும், கருகல் நாற்றம் வரும்.

பென்சில் சீவுவது போல மெல்லிய சீவலாகச் சீவி, இரண்டு விரலில் எடுக்கும் அளவு தூபக்காலில் தூவினால் போதும். முதலில் சாதாரண மரப்புகைதான் வரும். ஓரம் கறுத்துச் சுருளத் தொடங்கும்போது வாசனை மாறும். லேசான இனிப்பு, அதன் பின்னால் மருந்துக்கடையில் வரும் மாதிரி ஒரு கார்ப்பு. சாம்பிராணி அளவுக்கு ஆளைத் தூக்காது.

தனியாகப் போட்டவர்கள் பலர் “இதற்குத்தானா இவ்வளவு பேச்சு” என்று கேட்டிருக்கிறார்கள். லாக்கா தனியாவர்த்தனம் செய்யும் சரக்கு அல்ல, பக்கவாத்தியம். சாம்பிராணித் தூள் ஒரு பங்கு, சந்தனத் தூள் அரைப் பங்கு, லாக்கா சீவல் அரைப் பங்கு என்று கலந்து பாருங்கள். சாம்பிராணியின் கனம் குறைந்து, வாசனை ரொம்ப நேரம் வீட்டில் நிற்கும்.

சாமிக்குப் போடலாமா? சீனர் பொருள் என்று அம்மா யோசிக்கிறார்.

தாராளமாகப் போடலாம். அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: நாம் போடும் சாம்பிராணியும் இந்தப் பக்கத்துக் காட்டுப் பொருள்தான், அதைச் சீனரும் மலாய்க்காரரும் எத்தனையோ காலமாகப் புகைக்கிறார்கள். சீனர்கள் கும்பிடும் சாலையோர டத்தோ கோங் மேடையில் கெமெஞான் புகைவதை அவர் பார்த்திருப்பார். தோட்டத்து முனியாண்டி கோயிலில் போடும் அதே சரக்குதான். உங்கள் குலவழக்கில் இன்னதுதான் போட வேண்டும் என்று கட்டு இருந்தால், பூசாரி ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டிக்கு ஆஸ்துமா. புகைக்கலாமா?

வேண்டாம். எந்தத் தூபமும் வேண்டாம். வாசனை எவ்வளவு நன்றாக இருந்தாலும் நெஞ்சுக்குள் போவது புகைதான். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும் இதே பதில். மற்றவர்களும் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு புகைக்க வேண்டும்.

கட்டையைக் காய்ச்சிக் குடித்தால் ரத்தம் சுத்தமாகும் என்கிறார்களே?

தாய்லாந்து நாட்டு வைத்தியத்தில் இந்த வைரத்தைச் சளிக்கும் ரத்தத்துக்கும் கொடுக்கும் வழக்கம் உண்டு. அந்த வைத்தியர்கள் அளவு பார்த்து, வேறு மருந்தோடு சேர்த்துக் கொடுப்பவர்கள். வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு நாமாகச் சட்டியில் போட்டுக் காய்ச்சுவது வேறு.

ஒரு காரணம் முக்கியம். இந்தக் கட்டையில் ஐசோஃப்ளேவனாய்டு என்னும் வகைப் பொருள்கள் நிறைய இருப்பதும், அவற்றில் சில ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாதிரி வேலை செய்வதும் ஆய்வுக்கூடத்தில் காணப்பட்டிருக்கிறது. கர்ப்பிணிகள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ஹார்மோன் மாத்திரை சாப்பிடுபவர்கள் தொடவே கூடாது. மற்றவர்களுக்கும் நான் குடிக்கக் கொடுப்பதில்லை. எங்கள் கடையில் இது தூபத்துக்கு மட்டும்தான்.

அசலா போலியா என்று எப்படிப் பார்ப்பது?

குறுக்காக அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். அசலில் வெள்ளைக்கும் சிவப்புக்கும் நடுவே எல்லை தெளிவாக இருக்கும். வைரத்துக்குள்ளேயும் ஒரே நிறமாக இராது, கறுத்த வரிகள் ஓடும். சாயத்தில் ஊறவைத்த கட்டையில் மேலே சிவப்பு அடர்த்தி, உள்ளே போகப் போக வெளிறும்.

நேராக, உருண்டையாக, அளவெடுத்தது போன்ற துண்டுகளைச் சந்தேகப்படுங்கள். கொடியின் வைரம் அப்படி வராது. பொத்தலும் முடிச்சும் முறுக்கும் இருக்கும். மூக்குக்கு அருகில் வைத்தவுடன் ‘கம்’மென்று அடித்தால் எண்ணெய் தடவியிருக்கிறார்கள். காய்ந்த லாக்கா சும்மா இருக்கும்போது அடக்கமாகத்தான் மணக்கும். தண்ணீரில் மூழ்குகிறதா என்று போட்டுப் பார்ப்பதை நம்ப வேண்டாம், மூழ்கும் கட்டைகள் எத்தனையோ உண்டு.

செஞ்சந்தனத்தை லாக்கா என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அது ஆந்திரப் பக்கத்து மரம், நிறம் பிரமாதமாக இருக்கும், தணலில் போட்டால் சொல்லிக்கொள்ளும்படி வாசனை இருக்காது.

காட்டுக்குள் செத்துக் கிடக்கும் கட்டைதானே, எடுத்தால் என்ன?

செத்த கட்டையானாலும் அது காட்டுப் பொருள். 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின்படி, ரிசர்வ் காட்டிலிருந்தும் அரசு நிலத்திலிருந்தும் லைசென்ஸ் இல்லாமல் எதையும் எடுத்துவர முடியாது. பிடிபட்டால் சிறையும் பெரிய அபராதமும் உண்டு. தோட்ட நிலம் என்றால் அது கம்பெனிக்குச் சொந்தம், மேனேஜரின் எழுத்து அனுமதி வேண்டும். “எல்லாரும் எடுக்கிறார்கள்” என்று சொல்லி அழைத்துப் போகும் ஆள், பிடிபடும் நாளில் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்.

ஊருக்குப் போகும்போது, திருச்சிக்கு, கொஞ்சம் கொண்டுபோகலாமா?

கட்டையாகவோ சீவலாகவோ தூளாகவோ கொண்டுபோகாதீர்கள். ரோஸ்வுட் (ஈட்டி வகை மரங்கள்) வெட்டு உலகம் முழுக்க எல்லை மீறிப் போனதால், லாக்காவும் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் மொத்தத்தையும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார்கள். 2017 ஜனவரி 2 முதல் அது நடப்பில் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தை மலேசியாவில் செயல்படுத்துவதற்கென்றே 2008-இல் தனிச் சட்டம் வந்தது. எல்லை தாண்ட பெர்மிட் வேண்டும். அந்தப் பக்கம் போனாலும் தாவரப் பொருளுக்கென்று இந்தியச் சோதனை வேறு இருக்கிறது. மாமாவுக்கு அன்பளிப்பு என்றால் மைலோ வாங்கிப் போங்கள்.

நட்டு வளர்த்தால் லாபம் வருமா? கன்று விற்கிறார்கள்.

வளரும். அவரைக் குடும்பம், மண்ணுக்கும் நல்லது. பக்கத்தில் ஏறுவதற்கு ஒரு மரம் வேண்டும். செம்பனையில் ஏறவிடாதீர்கள், குலை வெட்டுகிறவர்கள் ஒரே வாரத்தில் வெட்டி எறிவார்கள். வீட்டுக்குப் பின்னால் இடம் இருந்து, பலா, டுரியான் மாதிரி பழைய மரத்தின் பக்கத்தில் நட்டால் சரி.

லாபம் என்பது வேறு விஷயம். முன்பே சொன்னேன், வைரம் கட்டக் காலம் வேண்டும். அவசரப்படுத்த வழியில்லை. காஹாரு முதலீடு என்று சொல்லி, இத்தனை வருடத்தில் இத்தனை மடங்கு என்று வாக்குக் கொடுத்து, இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) பணத்தை எடுத்துப் போடவைத்த கதைகளை இந்த நாட்டில் நாம் பார்த்துவிட்டோம். ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியின் சேமிப்பு அதில் போனது. இப்போது அதே பேச்சு, அதே வண்ணத்தாள், கன்றின் பெயர் மட்டும் லாக்கா. பேரப்பிள்ளைக்கு ஒரு கொடி இருக்கட்டும் என்று நடுங்கள். காசை எதிர்பார்த்து ஒரு வெள்ளிகூடப் போடாதீர்கள்.

வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டலாமா?

உருட்டலாம். லாக்கா தூள், சந்தனத் தூள், அவற்றைப் பிடித்து வைக்க ஜிகட் என்னும் பசையுள்ள மரப்பட்டைத் தூள். தண்ணீர் தெளித்துச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, மூங்கில் குச்சியில் உருட்டி, நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். லாக்காவை மிக்ஸியில் போட்டு பிளேடைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், அரத்தால் ராவி எடுங்கள். ஜிகட் குறைந்தால் உதிரும், கூடினால் அணைந்துபோகும், கை பழகத்தான் பிடிபடும்.

தாத்தாவின் தகரப்பெட்டியில் ஒரு சிவப்புத் துண்டு கிடக்கிறது. விற்றால் என்ன கிடைக்கும்?

கடைக்கு எடுத்து வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன், காசு கேட்க மாட்டேன். வரும்போது கழுவாதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள், நுனியில் கொளுத்திப் பார்க்காதீர்கள். உள்ளங்கை அளவுத் துண்டுக்கு யாரும் பெரிய தொகை கொடுக்கப் போவதில்லை. அதைவிட, தாத்தா எந்தத் தோட்டத்தில் இருந்தார், துண்டு யார் கொடுத்தது என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள். அவருடைய திதியன்று ஒரு சீவல் சீவித் தணலில் போட்டுவிட்டு மிச்சத்தைப் பெட்டியிலேயே திருப்பி வைத்தவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் நானும் அதைத்தான் சொல்வேன்.